மூன்று போர் பார்த்த தாத்தாவின் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாலாற்றுப் பேரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா போன தை மாதம் தவறிவிட்டார். வயது 86. கணியம்பாடி பக்கம் ஊர். 1958ல் ராணுவத்தின் இன்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து பெங்களூரில் டிரெயினிங் எடுத்தவர். 62 சீனச் சண்டை, 65, 71 பாகிஸ்தான் சண்டை மூன்றிலும் இருந்திருக்கிறார். 1978ல் ஹவில்தாராக பென்ஷன் வந்தார். அப்புறம் வேலூரில் ஒரு பேங்கில் அறுபது வயது வரை வாட்ச்மேன். நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள்.

முதல் வருஷத் திதிக்குள் அவர் வாழ்க்கையை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து உறவுக்காரர்களுக்குக் கொடுப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இதில் இரண்டு கட்சி. அட்டையில் யூனிபார்ம் படம், உள்ளே மூன்று போர், பின்னட்டையில் மெடல் என்பது பெரியப்பா கட்சி. "அவரு சண்டையைப் பத்தி வாயே தொறந்ததில்ல, அதை நீ இன்னான்னு எழுதுவ? எங்களை ஆளாக்கினதை எழுது" என்பது அம்மா கட்சி.

அம்மா சொல்வதும் நிஜம்தான். சின்ன வயதில் நாங்கள் தாத்தாவைச் சுற்றி உட்கார்ந்து "பாகிஸ்தான்காரனைச் சுட்டியா தாத்தா" என்று கேட்போம். "அது இன்னாத்துக்கு இப்ப, சாப்ட்டியா?" என்று எழுந்து போய்விடுவார்.

டிரங்குப் பெட்டியில் கொஞ்சம் மெடல், டிஸ்சார்ஜ் புக், ஒரு கோணிப் பையில் கட்டி வைத்த நோட்டுகள் இருக்கின்றன. மெடலில் எது எது என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தால் உதவுங்கள். எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பழைய ஹவில்தார் எழுதியது:

தம்பி, தாத்தாவுக்கு என் சல்யூட். நானும் சாப்பர்தான், அவருக்கு ரொம்ப ஜூனியர்.

முதலில் மெடலின் ஓரத்தைப் பாருங்கள். முகப்பை இல்லை, விளிம்பை. அங்கே நம்பர், ராங்க், பெயர் பொறித்திருக்கும். கறுத்துப் போயிருந்தால் பழைய துணியால் லேசாகத் துடைத்தால் போதும். புளி, சாம்பல், பாலிஷ் எதையும் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். 65க்கு நட்சத்திர வடிவில் இருப்பது சமர் சேவா ஸ்டார், வட்டமாக இருப்பது ரக்ஷா மெடல். 71க்கு மேற்கு முனையில் இருந்தவர்களுக்கு பஷ்சிமி ஸ்டார், கிழக்கு முனைக்கு பூர்வி ஸ்டார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக சங்கிராம் மெடல் உண்டு. ஆக எந்த ஸ்டார் இருக்கிறதோ அந்தப் பக்கம் போயிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

டிஸ்சார்ஜ் புக்கில் யூனிட் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

கோட்டை அகழி எழுதியது:

நம் ஜில்லாவில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு உண்டா? கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள், அங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருத்தராவது போயிருக்கிறார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், அதில் எத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று வெள்ளைக்காரன் வெட்டி வைத்தது. கத்திரிக்காய் வாங்கப் போகிறவர்கள் யாரும் நின்று படிப்பதில்லை. புத்தகத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள். இன்னும் பின்னால் போனால் 1806 ஜூலை 10, கோட்டைக்குள் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிப்பாய்கள் எழுந்தது. தோல் வைத்த புதுத் தலைப்பாகை போடு, தாடியை எடு, நெற்றியில் குறி வைக்காதே, கடுக்கனைக் கழற்று என்று சொன்னதுதான் காரணம்.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

வந்துட்டார்யா! அகழி அண்ணா, நீங்கள் பிரியாணி இழையிலும் அந்தக் கலகத்தை அடக்க ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி துரை குதிரையில் வந்ததைச் சொல்லாமல் விட்டதில்லை. தம்பி எழுதப் போவது தாத்தா கதை. அவர் பிறந்து பெயர் வைப்பதற்குள் அறுபது பக்கம் போய்விடும்.

கோட்டை அகழி எழுதியது:

சரி, விட்டுவிட்டேன். மணிக்கூண்டுக் கல்லை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

பாலாற்றுப் பேரன் எழுதியது:

ஹவில்தார் ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். விளிம்பில் பெயர் இருக்கிறது! இத்தனை வருஷமாக வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பஷ்சிமி ஸ்டார்தான். 71ல் இருந்த யூனிட் 9 இன்ஜினியர் ரெஜிமெண்ட் என்று போட்டிருக்கிறது.

பழைய ஹவில்தார் எழுதியது:

தம்பி, நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 9 இன்ஜினியர் என்றால் பசந்தர்.

மேற்கு எல்லையில், பாகிஸ்தான் பக்கத்து ஷகர்கர் பகுதியில் பசந்தர் என்று ஒரு ஆறு. 71 டிசம்பர் 15 ராத்திரி நம் காலாட்படை அதைத் தாண்டி அக்கரையில் இடம் பிடித்துவிட்டது. ஆனால் விடிந்தால் எதிரி டாங்கிகளோடு வருவான், அதற்குள் நம் டாங்கிகள் அக்கரை சேர்ந்தாக வேண்டும். நடுவில் கண்ணிவெடி வயல். அதில் பாதை போடுவதுதான் சாப்பர் வேலை.

அது எப்படி என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மெல்லிய கம்பியைச் சாய்வாக மண்ணுக்குள் மெதுவாக விடுவார்கள். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் படும், கதை முடிந்தது. சாய்த்து விட்டால் பக்கவாட்டில் தட்டும். தட்டியதும் கம்பியை வைத்துவிட்டு விரலால் மண்ணை ஒதுக்க வேண்டும். டாங்கிக்கு வைத்த பெரிய கண்ணி ஆள் மிதித்தால் வெடிக்காது, ஆனால் அதை யாரும் எடுக்கக் கூடாது என்று சுற்றிலும் ஆளுக்கு வைக்கிற சின்னக் கண்ணிகளையும் புதைத்திருப்பார்கள். எடுத்த வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னேற வேண்டும். இத்தனையும் இருட்டில், மேலே குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது. சுடுகிறவனுக்காவது கையில் துப்பாக்கி இருக்கும். இவன் கையில் கம்பி.

பாதை முழுக்க முடிவதற்குள்ளேயே அக்கரையில் நெருக்கடி வந்து, 17 பூனா ஹார்ஸ் டாங்கிகள் மிச்சக் கண்ணிக்குள்ளேயே இறங்கிப் போய்விட்டன. 21 வயசு அருண் கேதர்பால் பரம்வீர் சக்ரா வாங்கியது மறுநாள் அந்தக் கரையில்தான். அது எல்லாருக்கும் தெரியும். அவர் போன பாதையைப் போட்டவர்களில் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு இறந்த பிறகு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அது சாப்பர்களைத் தவிர வெளியே ரொம்பப் பேருக்குத் தெரியாது. 9 இன்ஜினியர் என்றால் நம் ஆட்கள், தம்பிகள். மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆளை பட்டாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

உங்கள் தாத்தா அந்த ராத்திரி எந்தக் கம்பெனியில், எந்த இடத்தில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. பெங்களூரில் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ரெக்கார்ட்ஸுக்கு அவர் நம்பரைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். அதுவரை அவர் அங்கே நின்றார், இங்கே எடுத்தார் என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் புத்தகத்தை ஆற்றங்கரையில் ஆரம்பியுங்கள்.

பாலாற்றுப் பேரன் எழுதியது:

ஐயா, படித்துக் காட்டினேன். பெரியப்பா அழுதுவிட்டார். இன்னொன்று சொல்கிறேன். கொல்லையில் தென்னங்கன்றுக்குக் குழி எடுக்கும்போது தாத்தா கடப்பாரையை எப்போதும் சாய்த்துத்தான் போடுவார். இப்போதுதான் காரணம் புரிகிறது!

பழைய ஹவில்தார் எழுதியது:

தம்பி, கடப்பாரையை எல்லோரும் சாய்த்துத்தான் போடுவார்கள். ஜோடிக்காதீர்கள்.

ஆரணி மருமகள் எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்லப் போகிறேன், கோபிக்காதீர்கள்.

என் மாமனாரும் பட்டாளம்தான். அவர் இறந்தபோது அடித்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் "தேசத்தையும் குடும்பத்தையும் இரு கண்களாகக் காத்தவர்" என்று போட்டார்கள். தேசம் சரி. குடும்பத்தைக் காத்தது யார்? வருஷத்துக்கு இரண்டு மாத லீவில் வருவார். ஆடு அடிப்பார்கள், கேண்டீன் ரம் வாங்க ஊரே திண்ணையில் உட்காரும். பதான்கோட்டுக்கு ரயில் ஏறியதும் மிச்சப் பத்து மாசத்துக்கும் அத்தை ஒருத்திதான். மாமியாருக்குப் பக்கவாதம், நாத்தனார் கல்யாணம், பங்காளி வரப்பை வெட்டிய சண்டை, ஸ்கூல் பீஸ், ரேஷன். மணியார்டர் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அது ஒரு வாரம் தாமதமானால் நகையை அடகுக்கடைக்குக் கொண்டு போனது யார்?

தம்பி முதல் பதிவில் தாத்தாவின் வயசு, ராங்க், வேலை, பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். தாத்தாவின் மனைவி, உங்கள் ஆயாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் இந்த மெடலை எல்லாம் பெட்டியில் வைத்துவிட்டு முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள். தாத்தா வாயைத் திறக்கவில்லை என்கிறீர்கள். ஆயாவிடம் யாராவது கேட்டீர்களா?

குடியாத்தம் கைலி எழுதியது:

அக்கா சொன்னதில் ஒரு கணக்கும் இருக்கிறது. 62 சண்டை அக்டோபர் 20ல் ஆரம்பித்து நவம்பர் 21ல் முடிந்துபோனது. 65 ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் 23 வரை. 71 டிசம்பர் 3லிருந்து 16 வரை. மூன்றையும் கூட்டினால் நூறு நாளைத் தாண்டாது. 86 வருஷம் வாழ்ந்த மனுஷனை நூறு நாளில் அடைப்பது நியாயமா? பேங்க் வாசலில் நின்றதே இருபது வருஷம்.

பழைய ஹவில்தார் எழுதியது:

கைலி தம்பி, கணக்கு சரி, ஆனால் பட்டாளம் தெரியாதவன் போடுகிற கணக்கு. ரேடியோவில் போர் முடிந்தது என்று சொன்னதும் சாப்பர் வீட்டுக்கு வந்துவிடுவானா? நாம் புதைத்த கண்ணி, அவன் புதைத்த கண்ணி, வெடிக்காமல் கிடக்கிற குண்டு எல்லாவற்றையும் யார் எடுப்பது? 72 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம் ஆனது, எல்லைக் கோட்டை ஒத்துக்கொண்டது டிசம்பரில். அதுவரை படை முன்னாலேதான் நின்றது. சத்தமில்லாத காலத்திலும் கண்ணியில் கை கால் போயிருக்கிறது.

மற்றபடி ஆரணி அம்மா சொன்னதற்கு எதிராகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரி இதைப் படித்தால் "யாரு எழுதினது, நம்பர் கொடு" என்பாள்.

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

எங்கள் அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா இரண்டாம் உலகப்போரில் பர்மா போய் வந்தவர். அந்தப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். முடிந்ததும் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போர்க்காலத்துக்கு மட்டும் சேர்த்த ஆட்களுக்குப் பென்ஷனும் கிடையாது. அவர் கொண்டு வந்தது ஒரு கம்பளி, ஒரு தகரப் பெட்டி, மலேரியா. கடைசிக் காலத்தில்தான் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக மாநில அரசு உதவித்தொகை வந்தது, அதுவும் ஒரு புண்ணியவான் மனு எழுதிக் கொடுத்ததால். அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளும் உரிமைக்காகப் பிள்ளைகள் மார்கழியில் அடித்துக்கொண்டது மட்டும் வீட்டில் கதையாக இருக்கிறது. பர்மாவில் என்ன நடந்தது என்று ஒரு வரி கிடையாது. உங்களுக்கு டிஸ்சார்ஜ் புக், மெடல், ஆயா மூன்றும் இருக்கிறது. கொடுத்து வைத்தவர்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

புத்தகம் எழுதுவது இருக்கட்டும். ஆயாவுக்குக் குடும்பப் பென்ஷன் மாறிவிட்டதா? யாருமே கேட்கவில்லையே.

பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் உத்தரவில், ஆயா பெயர் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அந்தக் காலத்தில் கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாம் யூனிட்டில் பார்ட் 2 ஆர்டர் போட்டுத்தான் பதிவாகும். தமிழ்ப் பெயரை வடக்கத்திக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பிறந்த தேதி பாதிப் பேருக்கு ஜூலை 1. இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஒரு எழுத்து இடித்தாலும் திருப்பி அனுப்பிவிடும். டிஸ்சார்ஜ் புக்கில் வட ஆற்காடு ஜில்லா என்று இருக்கும். 1989ல் ஜில்லாவைப் பிரித்ததற்காகப் பயப்பட வேண்டாம், அதைக் கேட்டு யாரும் நிறுத்துவதில்லை. பெயரும் பிறந்த தேதியும்தான் முக்கியம்.

இன்னொன்று. 80 வயது முடிந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம், 85 முடிந்தால் 30 சதவீதம் கூடுதலாக வரும். தாத்தாவுக்கு 85ல் ஏறியதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். ஒரு பதவி ஒரு பென்ஷனில் 2024 ஜூலை 1லிருந்து புது விகிதம். அந்த பாக்கியும் வராமல் இருந்திருந்தால் வாரிசுக்கு வர வேண்டும். ஆயாவுக்கு 80 ஆகியிருந்தால் குடும்பப் பென்ஷனிலும் அதே 20 சதவீதம் உண்டு. பேங்க் தானாகப் போடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

பாலாற்றுப் பேரன் எழுதியது:

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. ஆரணி அக்கா சொன்னபடி ஆயாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர்களுக்கு 82. போனில் ரெக்கார்ட் போட்டதும் பேச்சு நின்றுவிட்டது, போனை உள்ளே வைத்துவிட்டு வந்து முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தபடி கேட்ட பிறகுதான் வந்தது.

71 டிசம்பரில் எங்கள் கடைசிச் சித்தி வயிற்றில். தாத்தா விலாசம் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்பதைத் தவிர ஆயாவுக்கு எதுவும் தெரியாது, காஷ்மீரா பஞ்சாபா என்று ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்களாம். பஞ்சாயத்து ரேடியோவில் சண்டை நின்றுவிட்டது என்று சொன்ன பிறகும் கடுதாசி இல்லை, மணியார்டரும் இல்லை. பொங்கல் கழித்துச் சித்தி பிறந்தாள். மாசி மாசம் தந்திக்காரர் சைக்கிளில் தெருவுக்குள் வந்திருக்கிறார். எங்கள் வீடு எது என்று அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் கொள்ளுப்பாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்து, தெருவே கூடிவிட்டது. வாத்தியாரைக் கூப்பிட்டுப் பிரித்துப் படித்தால், "லீவு இல்லை. குழந்தைக்குப் பெயர் வைக்கவும்." அவ்வளவுதான்.

"உசுரோட கீறேன்னு ஒரு வார்த்தை சேத்திருக்கக் கூடாதா? வார்த்தைக்குக் காசுன்னு விட்டுட்டாராம்" என்று ஆயா இன்றைக்கும் திட்டுகிறார்கள்.

தாத்தா வந்தது அதற்கு அடுத்த கார்த்திகையில். சித்தி நடக்க ஆரம்பித்திருக்கிறாள். மீசையைப் பார்த்து அலறியதில் முதல் சில நாள் திண்ணையிலேயே படுத்திருக்கிறார். வந்தவர் முதல் வேலையாக "எவ்ளோ கடன்?" என்று கேட்டாராம். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரிக்கோடு போட்டு வைத்திருந்தார்கள், கடைக்காரருக்கு ஒரு வரிசை, அடகுக்கு ஒரு வரிசை, கைமாற்றுக்கு ஒரு வரிசை. ஆயா ஒவ்வொரு கோட்டையும் காட்டி இது இன்னாருக்கு, இது கம்மல் வைத்தது, இது பிரசவத்துக்கு என்று சொல்லச் சொல்லத் தாத்தா உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதியிருக்கிறார்.

அந்த நோட்டு இருக்கிறது! கோணிப் பையில் கட்டி வைத்திருந்தது இதைத்தான். நாங்கள் ஏதோ கணக்கு நோட்டு என்று பழைய பேப்பர்காரருக்குப் போடப் பார்த்தோம். முதல் பக்கத்தில் மேலே "நான் இல்லாதபோது வாங்கியது" என்று எழுதி, கீழே ஒவ்வொரு கடனாக ஆள் பெயர், எதற்கு, எவ்வளவு. தீர்த்த தேதி பக்கத்தில். கம்மலை மீட்ட வரி 1974ல் இருக்கிறது. அதற்குப் பின்னால் 2019 வரை நோட்டு நோட்டாக வீட்டுக் கணக்கு. அம்மாவின் டீச்சர் டிரெயினிங் பீஸ், கொள்ளுப்பாட்டியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தது, பெரிய மாமா வேலை போய் வீட்டில் இருந்த வருஷம் மாசாமாசம் கொடுத்தது (இது மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது, அதனால் புத்தகத்தில் வராது). என் முதல் செருப்புகூட இருக்கிறது, பாட்டா, விலையோடு.

பெரியப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். அட்டையில் யூனிபார்ம் படம்தான் வேண்டும் என்பதில் அவர் இன்னும் பிடிவாதம். சரி என்றுவிட்டேன். உள்ளே முதல் பக்கம் அந்த நோட்டின் முதல் பக்கம். பசந்தர் வரும், ஹவில்தார் ஐயா எழுதியது அவர் சம்மதித்தால் அப்படியே வரும், ரெக்கார்ட்ஸிலிருந்து பதில் வந்தால் அதுவும் சேரும். தந்திக் கதையை ஆயா சொன்ன பேச்சிலேயே போடப் போகிறேன். எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் திட்டின் ருசி போய்விடுகிறது.

ஆரணி மருமகள் எழுதியது:

தம்பி, அந்தக் கதவு இருக்கிறதா?

பாலாற்றுப் பேரன் எழுதியது:

இல்லை அக்கா. 90களில் வீட்டை இடித்துக் கட்டியபோது போய்விட்டது. ஆயாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "கடன் கதவை யாராவது வெச்சிக்குவாங்களா" என்கிறார்கள்.

பழைய ஹவில்தார் எழுதியது:

நான் எழுதியதைத் தாராளமாகப் போடுங்கள். என் பெயர் வேண்டாம். "ஒரு சாப்பர் சொன்னது" என்று போதும். மேஜர் பெயரை மட்டும் அச்சுப்பிழை இல்லாமல் போடுங்கள்.

இன்னொரு யோசனை. டிசம்பர் 7 கொடி நாள். வருஷத் திதிக்கு முன்னால் அச்சாகிவிட்டால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு இரண்டு பிரதி கொடுக்கலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பாலாற்றுப் பேரன் எழுதியது:

மன்னிக்கணும் ஐயா. நீங்கள் சந்தேகப்பட்டதுபோலவே பி.பி.ஓ.வில் ஆயா பெயரில் ஒரு எழுத்து குறைகிறது, பிறந்த தேதியும் ஜூலை 1. 85க்கு ஏற வேண்டியது பாஸ்புக்கில் ஏறின மாதிரி தெரியவில்லை. புதன்கிழமை ஆயாவைக் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போகிறேன். டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினல் கொண்டுபோக வேண்டுமா, ஜெராக்ஸ் போதுமா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டும் வேண்டும். ஒரிஜினலைக் காட்டலாம், யாரிடமும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ., இருவர் ஆதார், பாஸ்புக், ஆயா போட்டோ. பெயர் ஒன்றுதான் என்று நோட்டரி அபிடவிட் ஒன்று முதலிலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு நாள் அலைய வேண்டும். கொடுக்கிற ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் சீல் வாங்குங்கள். காலையில் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் வேலூர் வெயிலில் 82 வயது அம்மாவை வரிசையில் நிறுத்தாதீர்கள்.